மேஜையும் மரியாதையும்

மனிதன் தனித்து உண்ணும்போது பசியைத் தீர்த்துக்கொள்கிறான். பிறரோடு கூடி உண்ணும்போதோ, தான் அவர்களை எவ்வாறு மதிக்கிறான் என்பதையும் வெளியிட்டுவிடுகிறான். யார் யாருக்கு அருகில் அமர்வது, என்ன உடுத்து வருவது, எவ்வாறு உண்பது என்னும் விதிகள் இல்லாத நாடு உலகில் இல்லை. இவ்விதிகள் மரியாதையின் பொருட்டு ஏற்பட்டனவா, அன்றி மனிதரை மனிதரினின்றும் பிரிப்பதற்காக ஏற்பட்டனவா? விதிகள் தளர்ந்துவிட்டால் சமத்துவம் வந்துவிட்டது என்று கொள்ளலாமா? இவ்வினாக்களைக் கல்யாணப் பந்தியில் வைத்து ஆராய்ந்தோர் நம்மிடையே பலர். யான் அவற்றை உல்லாசக் கப்பலின் உணவு மண்டபத்தில் வைத்து ஆராய விழைகின்றேன். அங்கேதான் யான் நாணத்தக்க ஒரு பாடத்தைக் கற்றேன்.

தோட்டத்துக் கிராணி உத்தியோகம் பார்க்கும் என் போன்றோர்க்கு உல்லாசப் பிரயாணம் அடிக்கடி வாய்ப்பதில்லை. எனினும் சென்ற ஆண்டு, பால்மரம் வெட்டியே என்னைப் படிக்க வைத்த என் தந்தையாரை, சிங்கப்பூரினின்றும் புறப்பட்டு மூன்றிரவு கழித்துத் திரும்பும் கப்பல் ஒன்றில் அழைத்துச் சென்றேன். இரண்டாம் நாள் மாலை யாவரும் சீராக உடுத்து வரவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. யான் கோட்டும் டையும் அணிந்தேன். தந்தையார் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் உடுத்து, அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளிலிட்டு வந்தார். உணவு வந்தது. அவர் கத்தியையும் முள்கரண்டியையும் ஓசைப்படாமல் ஒருபுறம் நகர்த்திவிட்டுச் சோற்றைக் கையால் பிசைந்தார். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற என் உடல் கூசிற்று. “அப்பா, இங்கே கரண்டியால்தான் சாப்பிட வேண்டும்” என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, “கை கழுவிவிட்டுத்தான், தம்பி, வந்தேன்” என்றார். அதன்பின் நிகழ்ந்ததை இறுதியில் கூறுவேன். முதலில், என்னைக் கூசவைத்த அந்தச் சம்பிரதாயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கப்பலில் மேஜை நாகரிகம் என்பது தொடக்கத்தில் பணமுள்ளவனுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவினின்றும் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஏழைகளுள் பலர், தமக்கு வேண்டிய உணவைத் தாமே மூட்டை கட்டிச் சென்று, கப்பலில் தாமே சமைத்து உண்டனர். அந்நூற்றாண்டின் இறுதியில் கப்பல்கள் பெருத்தன. பெருத்தபோது வகுப்புக்களும் இறுகின. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் வகுப்பு உணவு மண்டபம் ஒரே வேளையில் 500 பேருக்கு மேல் அமரத்தக்கது. அங்கே மாலை விருந்துக்கு ஊதுகொம்பு ஊதி அழைப்பர். அடுத்தடுத்துப் பல வகை உணவுகள் முறையாகப் பரிமாறப்படும். மூன்றாம் வகுப்பாரின் மண்டபமோ இரண்டு தளங்களுக்குக் கீழே இருந்தது. ஒரே கப்பல், ஒரே கடல், இறுதியில் ஒரே பனிப்பாறை. ஆயினும் ஒரே மேஜை இல்லை!

1935இல் கடலேறிய நார்மண்டி என்னும் பிரெஞ்சுக் கப்பலில் இவ்வாடம்பரம் உச்சத்தை எட்டிற்று. அதன் முதல் வகுப்பு உணவு மண்டபம் 305 அடி நீளமுடையது. சுமார் 700 பேர் ஒருங்கே உண்ணத்தக்கது. மேலிருந்து படிக்கட்டு வழியே இறங்கித்தான் அதனுள் செல்ல வேண்டும். பட்டும் வைரமும் அணிந்த சீமாட்டிகள் இறங்கி வருவதை அமர்ந்திருப்போர் அண்ணாந்து நோக்குவர். அப்படி நோக்கப்படுவதற்கென்றே அப்படிக்கட்டு அமைந்தது என்றால் மிகையாகாது. உண்பதற்கு முன் காட்டிக்கொள்ளுதல் ஒரு சடங்காகிவிட்டது.

நம்மவர் கடல் கடந்த வரலாறும் இதனின்றும் வேறன்று. 1926இல் கட்டப்பெற்று, சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1970களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலாக் கப்பலில் 5,000க்கு மேற்பட்ட டெக்குப் பிரயாணிகளை ஏற்றுதற்கு அனுமதி இருந்தது. அறை வசதியுடையோர் சிலரே. ஏனையோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, படுத்த இடத்திலேயே உண்டனர். அத்தகைய கப்பல் ஒன்றில் வந்த என் பாட்டனார், “மேலே மணி அடித்தால் துரைமாருக்குச் சாப்பாடு; எங்களுக்கு வயிறுதான் மணி” என்று சொல்லிச் சிரிப்பார். அச்சிரிப்பின் கசப்பு சிறுவனாயிருந்த எனக்கு அப்போது விளங்கவில்லை.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. ஊர் சேர்வதற்குக் கப்பலேறும் வழக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. உல்லாசத்துக்குக் கப்பலேறும் வழக்கம் வளர்ந்தது. 1966லும் 1968லும் 1972லும் தோன்றிய நார்வீஜியன், ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய கம்பெனிகள் மத்திய வகுப்பு மக்களை அழைத்தன. பழைய மூன்று வகுப்புக்கள் அங்கே இல்லை. ஆனால் பழைய மேஜை விதிகள் பெரிதும் நின்றன. மாலையில் முதற் பந்தி, இரண்டாம் பந்தி என இரண்டு வேளைகள், ஒவ்வொருவருக்கும் குறித்த மேஜை, அதே பரிமாறுவோர், சில இரவுகளில் கறுப்புக் கோட்டும் நீண்ட கவுனும், கப்பல் தலைவர் மேஜையில் அமரச் சிலருக்கு அழைப்பு.

இவ்விதிகளுள் ஒன்று என் சிந்தையைக் கவர்கின்றது. முன்பின் அறியாத இரு குடும்பங்களை ஒரு மேஜையில் அமர்த்திவிட்டால், அவர்கள் பிரயாணம் முடியும் வரை அங்கேயே இரவுதோறும் கூடி உண்ண வேண்டும். முதல் நாள் மௌனம். இரண்டாம் நாள் வானிலையைப் பற்றிய பேச்சு. மூன்றாம் நாள் மக்களைப் பற்றிய பேச்சு. தச்சனும் வக்கீலும் ஒரு மேஜையில் உப்பைக் கைமாற்றிக்கொண்டனர். யாரோ ஓர் ஊழியர் வகுத்த இட ஒழுங்கு, அவர்கள் தாமாக ஒருபோதும் செய்துகொள்ளாத நட்பைச் செய்து வைத்தது.

2000ஆம் ஆண்டில் இவ்வேற்பாட்டுக்கும் ஓர் உடைப்பு வந்தது. அதற்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. மலேசிய கெந்திங் குழுமத்தார் 1993இல் தோற்றுவித்த ஸ்டார் குரூசஸ் கம்பெனி, 2000ஆம் ஆண்டளவில் நார்வீஜியன் கம்பெனியைக் கைக்கொண்டது. அவ்வாண்டிலேயே நார்வீஜியன் கப்பல்களில் ‘பிரீஸ்டைல்’ என்னும் புது முறை வந்தது. விரும்பிய வேளையில், விரும்பிய உணவுச்சாலையில், விரும்பியவரோடு, கோட்டும் டையும் இன்றி உண்ணலாம் என்பதே அதன் சாரம். ஏனைய கம்பெனிகளும் தத்தம் வழியில் விதிகளைத் தளர்த்தின. கியூனார்ட் கம்பெனி போன்ற சிலவே சிறப்பு இரவுகளையும் அவற்றுக்குரிய உடைகளையும் இன்றும் போற்றி வருகின்றன.

இம்மாறுதலை யான் வரவேற்கின்றேன். கோட்டு வாங்கப் பொருளில்லாதவன் கூசி ஒதுங்க வேண்டியதில்லை. குழந்தையுடைய தாய் மணியோசைக்கு அஞ்ச வேண்டியதில்லை. வெப்ப நாட்டுக் கடலில் கழுத்தை இறுக்கும் துணி அறிவுக்கும் பொருந்தாது. இவ்வளவும் உண்மை. ஆனால் கோட்டோடு அந்தஸ்தும் கழன்று விழுந்ததா என்று கேட்போமானால், விடை நம்மைத் திடுக்கிடச் செய்யும்.

2008இல் எம்.எஸ்.சி. கம்பெனி தன் கப்பலுக்குள்ளேயே உயர்ந்த கட்டணம் கொடுப்போர்க்கெனத் தனி வாயிலும் தனி உணவுச்சாலையும் தனி நீச்சற்குளமும் உடைய ஒரு பகுதியை அமைத்தது. நார்வீஜியன் கப்பல்களிலும் அத்தகைய தனிப்பகுதி உண்டு. 2024இல் பிரயாணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் பெருங்கப்பலில், உயர்ந்த அறைகளில் தங்குவோர்க்கெனத் தனி உணவுச்சாலை இருக்கின்றது. 2004இல் வந்த ‘குவீன் மேரி 2’ கப்பலிலோ எந்த உணவு மண்டபத்தில் அமர்வது என்பதை அறையின் கட்டணமே தீர்மானிக்கின்றது. பழைய வகுப்பு கோட்டில் தெரிந்தது; புதிய வகுப்பு, கதவைத் திறக்கும் சிறு அட்டையில் ஒளிந்திருக்கின்றது. கோட்டையாவது இரவல் வாங்கி அணியலாம். அவ்வட்டையை யாரிடம் இரவல் கேட்பது?

மற்றோர் இழப்பும் உண்டு. விரும்பியவரோடு மட்டும் உண்ணும் உரிமை வந்தபின், விரும்பாதவரையும் அறியாதவரையும் விலக்கும் உரிமையும் கூடவே வந்தது. ஒரு கப்பலில் 5,000 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் மேஜையில் தன் கைப்பேசிகளோடு தனித்தீவாக அமர்ந்திருக்கின்றது. இது சுதந்தரந்தான். ஆயினும் வேலி இடித்த கல்லைக் கொண்டு ஒவ்வொருவனும் தன் வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்வதற்கு ஒப்பான சுதந்தரம்.

அங்ஙனமாயின் பழைய சம்பிரதாயங்களை மீண்டும் அழைப்பதா? கூடாது. ஒவ்வொரு விதியையும் தனித்தனியே நிறுத்தி, ‘நீ யாருக்கு நன்மை செய்கிறாய்?’ என்று கேட்பதே பகுத்தறிவுடையோர் செயலாகும். கறுப்புக் கோட்டு உடுத்தவனின் பெருமைக்கன்றி வேறெதற்கும் உதவவில்லை, அது போகட்டும். உணவுச்சாலை வாயிலில் ஊழியர் நின்று, ‘கையைக் கழுவுங்கள்’ என்று வேண்டுகிறார்களே, அந்த விதியோ வாந்திபேதியைப் பரப்பும் கிருமிகளினின்றும் யாவரையும் காக்கின்றது. செல்வனும் ஏழையும் அதற்கு ஒருங்கே உட்படுகின்றனர். அது நிலைக்க வேண்டும். அறியாதவரோடும் இன்சொல் கூறி அமர்தல், பரிமாறுபவரை முகம் பார்த்து நன்றி சொல்லுதல் ஆகியவற்றுக்கு எந்தக் கோட்டும் வேண்டியதில்லை. ஆதலால் அவற்றைக் கோட்டோடு சேர்த்து எறிந்துவிடவும் வேண்டியதில்லை.

பரிமாறுபவர் என்றேன். மேஜையைப் பற்றிய இப்பேச்சில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது அவரைத்தான். பிலிப்பைன்ஸினின்றும் இந்தோனேசியாவினின்றும் இந்தியாவினின்றும் வந்து, பல மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் இவர்கள், பிரயாணிகளின் கண்ணுக்குப் புலப்படாத கீழ்த்தளச் சாப்பாட்டறையில் உண்கிறார்கள். அங்கும் அதிகாரிகளுக்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்னும் பிரிவு வழக்கத்தில் உண்டு. ‘நாங்கள் எல்லாரும் இங்கே சமம்’ என்று மேல்தளத்தில் அரைக்கால் சட்டையோடு அமர்ந்து மகிழ்பவன், தன் எச்சில் தட்டை எடுப்பவனின் பெயரைக் கேட்காமலே எழுந்து போவானாயின், அவன் விட்டது உடையின் ஆடம்பரத்தை மட்டுமே; உள்ளத்தின் ஆடம்பரத்தை அன்று.

இனி, என் தந்தையாரிடம் திரும்புகின்றேன். “கை கழுவிவிட்டுத்தான், தம்பி, வந்தேன்” என்ற சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. எங்கள் மேஜைக்குப் பரிமாறியவர் பிலிப்பினோ இளைஞர் ஒருவர். எங்கள் பேச்சின் மொழி அவருக்குத் தெரியாது. என் முகத்தின் மொழி தெரிந்துவிட்டது போலும். அவர் உள்ளே சென்று, ஒரு சிறு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் எலுமிச்சைத் துண்டும் இட்டுக் கொணர்ந்து, மடித்த துணியோடு தந்தையாரின் வலக்கைப் பக்கத்தில் வைத்தார். “எங்கள் ஊரிலும் கையால் உண்பதுண்டு ஐயா” என்று ஆங்கிலத்தில் சொல்லிப் புன்னகைத்தார். பழைய பெருவிருந்துகளில் சீமான்களுக்கு வைக்கப்பட்ட விரல் கழுவும் கிண்ணமே அது. அதை என் தந்தையாருக்கு வைக்கும்படி எந்த விதியும் அவருக்குக் கட்டளையிடவில்லை. தந்தையார் அவர் பெயரைக் கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அடுத்த இரவும் அதையே தொடர்ந்து பேசினார். கோட்டணிந்து அமர்ந்திருந்த யான் அம்மேஜையில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அன்றிரவு மரியாதை அறிந்திருந்தவர் இருவர். அவர்களுள் யான் ஒருவனல்லேன்.

நேயர்களே! இது கப்பலோடு முடியும் செய்தியன்று. நம் தோட்டத்து மண்டபங்களிலும் பட்டணத்து ஓட்டல்களிலும் நடைபெறும் கல்யாணங்களைப் பாருங்கள். சாதி பார்த்துப் பந்தி பிரித்த கொடுமையை எதிர்த்து நம் முன்னோர் சமபந்தி நடத்தினர். இன்று யாவரும் ஒரே மண்டபத்தில்தான் உண்கிறோம். ஆனால் முன்வரிசையில் பட்டுத் துணி விரித்த மேஜை யாருக்கு? ‘பிரமுகர்’ என்னும் அட்டை யார் பெயரில்? தாமே எடுத்துண்ணும் ‘பஃபே’ வரிசையில் தட்டேந்தி நிற்கும் கிழவியை யார் கவனிக்கிறார்கள்? இலை போய்த் தட்டு வந்தது. பந்தி போய் வரிசை வந்தது. பிரிவு போயிற்றா?

சம்பிரதாயத்தை விடுவது எளிது. அதனுள் ஒளிந்திருந்த செருக்கை விடுவது அரிது. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். அடுத்த விருந்தில் நாம் அமரும் மேஜையில் அறியாதவர் ஒருவருக்கு இடம் விடுவோம். பரிமாறுபவரின் பெயரைக் கேட்போம். கையால் உண்ணும் நம் பெரியோரைக் கண்டு கூசாதிருப்போம். இம்மூன்றுக்கும் கோட்டு வேண்டியதில்லை, கட்டணமும் வேண்டியதில்லை.