விசிலும் சிலம்பும்

உதைபந்தாட்டம் ஏழைகளின் ஆட்டம். ஒரு பந்தும் ஓடுவதற்கு ஒரு வெளியும் இருந்தாற் போதும். மட்டையும் கையுறையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மாரி வெள்ளம் வடிந்து தரை காய்ந்த மறுகணமே பிள்ளைகள் இரண்டு தடிகளை நட்டுவிட்டு ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிய விவாதமும் அவர்களுடைய சொத்தே. உலகக் கிண்ணப் போட்டிகள் நடைபெறும் நாட்களில் கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தேநீர்க் கடை வாங்குகளில் எழும் வாதப் பிரதிவாதங்களைச் சற்று நின்று கேட்பவர்களுக்கு, அவற்றின் அடியில் இரண்டு கேள்விகள் கிடப்பது புலனாகும்.

மத்தியஸ்தரின் கண்ணை நம்புவதா, இயந்திரத்தின் கண்ணை நம்புவதா என்பது முதற் கேள்வி. பெலேயும் மரடோனாவும் ஆடிய அந்தக் காலம் பெரிதா, இந்தக் காலம் பெரிதா என்பது இரண்டாவது. பொழுது போகாதவர்களின் வெறும் பேச்சு என்று படித்தவர்கள் இவற்றைத் தள்ளிவிடுவதுண்டு. அவ்வாறு தள்ளிவிட நாம் உடன்படோம். நியாயம் என்றால் என்ன, அதை யார் வழங்குவது, வழங்கத் தவறியவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற மிகப் பழைய கேள்விகளே இங்கே பந்தின் வடிவில் உருண்டு வருகின்றன.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1966 இல் இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இடையே இறுதி ஆட்டம் நடந்தது. மேலதிக நேரத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. கோட்டைத் தாண்டி விழுந்ததா, கோட்டின்மேல் விழுந்ததா? சுவிட்சர்லாந்து மத்தியஸ்தர் டீன்ஸ்ட், கோட்டு மத்தியஸ்தரான பஹ்ராமோவை நாடினார், அவர் தலையசைத்தார், கோல் என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பந்து எங்கே விழுந்தது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 1986 இல் மெக்சிகோவில் மரடோனா கையாற் பந்தைத் தட்டிக் கோலாக்கினார். துனீசிய மத்தியஸ்தர் பின் நாசர் அதைக் காணவில்லை. 2010 இல் தென்னாபிரிக்காவில் இங்கிலாந்து வீரர் லம்பார்ட் அடித்த பந்து ஜெர்மனியின் கோட்டைத் தெளிவாகத் தாண்டி உள்ளே விழுந்தது, கோல் வழங்கப்படவில்லை. அதன் பின்னரே சர்வதேச நிர்வாகிகளின் பிடிவாதம் தளர்ந்தது. 2012 இல் கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2014 இல் அது உலகக் கிண்ணத்திற்கு வந்தது. 2018 இல் காணொளி மத்தியஸ்தர் வந்தார். 2022 இல் கட்டாரில் 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 இடங்களை, ஒரு வினாடிக்கு 50 தடவை அளந்துகொண்டிருந்தன.

இவ்வளவு துல்லியம் வந்த பின்னும் முதியோர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பிழையும் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது அவர்கள் கட்சி. கோல் விழுந்ததும் பொங்கி எழ வேண்டிய மகிழ்ச்சி, கமராவின் அனுமதிக்காகக் கைகட்டி நிற்கிறது. கால் நகத்தின் அளவு முன்னே நின்றதற்காக ஓர் அழகிய கோல் அழிக்கப்படுகிறது. மனிதன் ஆடும் ஆட்டத்தை மனிதனே தீர்க்கட்டும் என்கிறார்கள். இந்தக் கூற்றில் உண்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. பிழை வேறு, அநீதி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதாலேயே வாதம் வழி தவறுகிறது.

மெக்சிகோ ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பின் நாசர் நின்ற இடத்திலிருந்து அந்தக் கை தெரியவில்லை. கோட்டு மத்தியஸ்தரை நோக்கினார். அவரும் கொடியை உயர்த்தவில்லை. இது பிழை. தன்னால் இயன்றவரை பார்த்தவர் காணத் தவறினார், அவ்வளவே. மரடோனாவோ தான் செய்தது இன்னதென்று அறிந்திருந்தார். அது பிழையன்று, வஞ்சனை. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு. உலகெங்கும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த கோடிக்கணக்கான மக்கள் சில வினாடிகளில் மறுபடியும் பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மையை, தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒரே மனிதர் மட்டும் பார்க்கக் கூடாதென்று விதி தடுத்தது. பார்க்க வசதி இருந்தும் பார்க்க மறுத்த அந்த ஏற்பாடே அநீதி. 1966 இல் கண்ணைத் தவிர வேறு நம்பகமான சாட்சி இருக்கவில்லை. ஆகவே அன்றைய தீர்ப்பை மன்னிக்கலாம். 2010 இல் சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அழைக்க மறுத்தவர்களை மன்னிப்பது எளிதன்று.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பழைய வீரர்களைப் பற்றிய விவாதமும் தெளிவடைகிறது. அந்தக் காலத்தில் ஆட்டம் தூய்மையாக இருந்தது என்கிறார்களே, அது உண்மைதானா? 1966 இல் பெலேயை பல்கேரிய, போர்த்துக்கேயத் தடுப்பாளர்கள் மிதித்தும் உதைத்தும் முடக்கினார்கள். எதிராளியை எச்சரிக்க மஞ்சள் அட்டைகூட அன்று இல்லை. அட்டைகள் 1970 இல்தான் உலகக் கிண்ணத்துக்கு வந்தன. கண்காணிப்பு இல்லாத காலம் கலைஞனுக்கு உதவவில்லை. அவனுடைய காலை உடைக்க வந்தவனுக்கே உதவியது. பொற்காலம் என்று பேசுவோர் அந்த மைதானத்தில் நொண்டி நடந்த மனிதரை மறந்துவிடுகிறார்கள்.

மரடோனாவின் கதை இன்னும் சிக்கலானது. சேரியில் வளர்ந்து உலகை வென்ற அந்த மனிதரை நம் நாட்டு உழைப்பாளி மக்கள் தம்மவராகவே நேசிக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1982 இல், மால்வினாஸ் தீவுகளுக்காக நடந்த போரில் ஆர்ஜென்டீன இளைஞர்கள் பிரித்தானியப் படைகளிடம் மடிந்தார்கள். கையால் அடித்த கோல் அதற்குப் பழி என்று சொல்லப்படுவதுண்டு. ஏகாதிபத்தியத்தின்மீது நமக்கு அன்பு கிடையாது. ஆனால் மடிந்த இளைஞர்களின் கணக்கு ஒரு கள்ளக் கோலாற் தீராது. அப்படித் தீரும் என்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். நான்கே நிமிடங்களின் பின், தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்து, எதிர்நின்றவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து அடித்தாரே, அந்த இரண்டாவது கோல்! அவருடைய மேன்மைக்கு அதுவே சாட்சி. பெரியவர்களை நேசிப்பதற்கு அவர்களுடைய வஞ்சனையையும் வழிபட வேண்டுமென்ற நியதி இல்லை.

இனி இயந்திரத்தின் பக்கத்தைப் பார்ப்போம். மனிதக் கண் எப்போதும் மாசற்றது என்று எண்ணுவோருக்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று, 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் அவுஸ்திரேலிய நடுவர் ஒருவர் ஏழு முறை தீர்ப்பளித்தார். பல்லாயிரம் பேர் பார்த்திருக்க ஓர் இளைஞனின் நேர்மை அங்கே கேள்விக்குள்ளாயிற்று. பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை அது. ஆய்வுகூடங்களில் கமராக்கள் அந்தக் கையை அளந்தபோது, கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தோற்ற மயக்கமே என்ற முடிவு கிடைத்தது. பின்னர் அதே அளவுகோலை ஏனைய பந்துவீச்சாளர்கள்மீதும் வைத்துப் பார்த்தார்கள். குற்றமற்றவர் என்று போற்றப்பட்ட பலருடைய முழங்கைகளும் ஓரளவு மடங்கி நிமிர்வது தெரியவந்தது. 2005 இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்ற எல்லை வகுக்கப்பட்டது. 2010 இல் காலியில் முரளிதரன் தமது 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். சந்தேகம் ஒருவன்மீது மட்டும் விழுந்தபோது அது பழியாக இருந்தது. அளவு எல்லோர்மீதும் விழுந்தபோதுதான் அது நியாயமாயிற்று.

2022 நவம்பர் 22 அன்று ஆர்ஜென்டீனாவும் சவூதி அரேபியாவும் ஆடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதற் பாதியில் ஆர்ஜென்டீனாவின் மூன்று கோல்கள் ஓஃப்சைட் என்று நீக்கப்பட்டன. முடிவில் சவூதி அரேபியா இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. கருவிக்கு மெஸ்ஸி என்ற பெயர் தெரியாது. பெரிய நாடு, சிறிய நாடு என்ற பேதமும் தெரியாது. பெரியவர்களுக்கு அஞ்சும் மனிதக் கண்ணைவிட, யாரையும் அறியாத கருவியின் கண் எளியவனுக்குத் துணையாகலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அப்படியானால் தீர்ப்பு முழுவதையும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாமா? அதற்கும் நாம் உடன்படோம். பந்து எங்கே இருந்தது என்று கருவி சொல்லும். கை ஏன் அங்கே சென்றது, அந்தக் கால் பந்தை நாடியதா ஆளை நாடியதா என்ற கேள்விகளுக்கு மனிதனே விடை காண வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தில் டொட்டன்ஹாம், லிவர்பூல் கழகங்களுக்கு இடையே நடந்த ஆட்டத்தில் லிவர்பூலின் ஒரு நல்ல கோல் ஓஃப்சைட் என்று நிறுத்தப்பட்டது. காணொளி அறையில் இருந்தவர்கள் படத்தைச் சரியாகவே பார்த்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டது என்று தவறாக எண்ணி, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின்பே பிழை புரிந்தது. தொடங்கிய ஆட்டத்தை நிறுத்தித் திருத்த விதி இடந்தரவில்லை. உண்மை கையில் இருந்தது. திருத்தும் வழிதான் இருக்கவில்லை. கமராக்கள் எத்தனை இருந்தென்ன, கண்ட உண்மைக்குத் தலைவணங்கும் ஏற்பாடு இல்லாவிட்டால்?

இந்த இடத்தில் நம் மண்ணின் பழைய மரபொன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். மட்டக்களப்பு, கண்ணகியை அம்மனாகக் கொண்டாடும் நாடு. வைகாசியில் ஊர் ஊராகக் குளிர்த்தி பாடுகிறார்கள். அந்த வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றிலொன்று கொளுவி வடம் பூட்டி இழுக்கிறது. ஒரு கொம்பு முறிகிறது. முறிந்த கொம்பை யாரும் எடுத்துப் பார்க்கலாம். சாட்சி எல்லோருடைய கண்முன்னும் கிடக்கிறது. கண்ணகியின் வழக்கும் அத்தகையதே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு ஆராயாது தீர்ப்பளித்தான் பாண்டியன். கண்ணகி சபைக்குச் சென்று, முடிந்த தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொன்னாள். சிலம்பை உடைத்தாள், முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தது. அந்த அரசனிடம் ஒரு பெருமை இருந்தது: சாட்சியைக் கண்டதும் அவன் விதியைக் காட்டித் தப்பவில்லை, பிழை தனதே என்று ஏற்று அரியணையிலேயே உயிர்விட்டான். மறுவிசாரணை கேட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கும் மக்களுக்கு, தீர்ப்பைத் திரும்பப் பார்ப்பது ஆட்டத்தின் அழகைக் கெடுக்கும் என்ற வாதம் எப்படிச் செல்லும்?

ஆனால் கண்ணகியின் பெயரைச் சொன்ன பின் நாம் உதைபந்தோடு நின்றுவிட முடியாது.

மட்டக்களப்பு நகரில் வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து இந்நகர இளைஞரின் விளையாட்டுக்கு உழைத்த யேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் தாங்கியது அது. அவருடைய சபையைச் சேர்ந்த ஹேபேர்ட் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களைக் கூடைப்பந்தாட்டத்தில் நாடறியச் செய்தவர். 1990 ஆகஸ்டு 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், தம்முடன் வந்த இளைஞர் ஒருவரோடு அவர் காணாமற் போனார். அந்த ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் ஊரவர்கள் கொல்லப்பட்டார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் ஒரே நாளில் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. இவர் எந்தப் பக்கம், அவர் எந்தப் பக்கம் என்று கணக்கிட்டுக் கண்ணீரைப் பங்கிட நாம் விரும்பவில்லை. ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன, சாட்சிகள் பேசின, ஏடுகள் நிறைந்தன, 2016 இல் காணாமற் போனோருக்கென்று ஓர் அலுவலகத்துக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தெருவோரங்களிற் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தி நின்ற தாய்மார், சிலம்பை ஏந்தி நின்ற அந்தப் பெண்ணின் மரபினரே. அவர்கள் கேட்டதும் அதுவே: திரும்பப் பாருங்கள்.

ஒரு கால் நகம் கோட்டைத் தாண்டியதா என்று அறிய 12 கமராக்களை ஏவுகிற உலகம் இது. அந்தத் துல்லியத்தை நாம் இகழவில்லை. கோடிக்கணக்கான பணம் புரளும் இடத்தில் உண்மையை அறிய வேண்டுமென்ற விருப்பம் பிறந்தது. விருப்பம் பிறந்ததும் கருவியும் வந்தது. ஏழையின் பிள்ளை காணாமற் போன இடத்தில் அந்த விருப்பம் பிறக்கவில்லை. குறை கருவியில் இல்லை. பார்க்க வேண்டும் என்ற மனத்தில்தான்.

வாவிக்கரை மைதானங்களுக்கு அந்தக் கமராக்கள் விரைவில் வரப்போவதில்லை. அங்கே ஒரு விசிலும் ஒரு மனிதரும்தான். தமிழ்க் கிராமத்து அணியும் முஸ்லிம் கிராமத்து அணியும் மோதும் ஆட்டத்தில், அந்த மனிதரின் ஒரு தவறான விசில் மைதானத்துக்கு வெளியிலும் கேட்கக்கூடும் என்பதை இப்பகுதி மக்கள் நன்கறிவார்கள். அவரிடம் நாம் பிழையற்ற கண்ணைக் கேட்க முடியாது. இருசாராருக்கும் ஒரே கண்ணாக இருக்கும்படி கேட்கலாம். பிழை காட்டப்பட்டால் ஏற்கும் நெஞ்சைக் கேட்கலாம். தேநீர்க் கடை வாங்கிலிருந்து இந்த நியாயத்தைக் கேட்கப் பழகிய இளைஞர்கள், மைதானத்தின் வேலியைத் தாண்டி நாட்டின் சபைகளிடமும் அதையே கேட்கத் தொடங்குவார்களானால், அந்த விவாதத்தை வீண் பேச்சு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.