சித்திரகுப்தனும் லோரிப் பெட்டியும்

பினாங்கு ஜோர்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில், குவீன் தெருவின் மகாமாரியம்மன் ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த அரிசிக் கடைகளையும் பாத்திரக் கடைகளையும் கடந்து நடக்கிறவர், சரக்கு இறக்க ஓரமாக நிற்கும் லோரிகளின் முகப்பை ஒரு கணம் உற்று நோக்கினால், கண்ணாடிக்குக் கீழே விநாயகரோ முருகனோ மாரியம்மனோ சிறு விக்கிரகமாக எழுந்தருளியிருப்பதையும், காய்ந்த மல்லிகைச் சரமொன்று தொங்குவதையும் காணாதிருக்க முடியாது. அந்த விக்கிரகத்துக்குப் பின்னால், முகப்புப் பலகையின் உட்புறத்தில், உள்ளங்கையளவான ஒரு கறுப்புப் பெட்டி இக்காலத்தில் குடிபுகுந்திருக்கிறது. வயரிங் தெரிந்த ஒருவர் அரைநாளில் அதைப் பொருத்திவிடுகிறார்: லோரியின் 24 வோல்ட் பாட்டரியிலிருந்து என்றும் அணையாத ஒரு வயர், சாவி திருகும்போது மட்டும் உயிர்பெறும் ஒரு வயர், எர்த் ஒன்று, இரும்புத் தகடு மறைக்காமல் வானத்தை நோக்கிய ஓர் ஆன்டெனா, யாரேனும் வயரை அறுத்துவிட்டால் அந்தச் செய்தியையும் அனுப்பிவிட்டு ஓய்வதற்கென உள்ளேயே ஒரு சிறு பாட்டரி. முன்னால் இருப்பது காப்பதற்கு. பின்னால் இருப்பது கவனிப்பதற்கு. இவ்விரண்டில் ஓட்டுநர் எதற்கு அஞ்சி நேர்வழி நடக்கிறார் என்று கேட்டால், அது வேடிக்கைக் கேள்வியாகத் தோன்றினாலும், சமய விசாரத்தின் நடுவே நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வியே ஆகும்: பிறர் காண்கிறார் என்பதற்காகச் செய்யப்படும் நன்மை தர்மமாகுமா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிட வேண்டும். வானத்திலிருந்து ஏதோ ஒரு கண் லோரியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் எந்த லோரியையும் அறியமாட்டா. தாம் இருக்கும் இடத்தையும், தம்மிடமுள்ள அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும், யார் கேட்கிறார் கேட்கவில்லை என்ற கவலையின்றி, இடைவிடாது சொல்லிக்கொண்டிருப்பதே அவற்றின் தொழில். அப்படிப்பட்ட நான்கு கோள்களின் குரல் எவ்வளவு தாமதித்து வந்து சேர்ந்தது என்பதைக் கொண்டு, தான் எங்கே நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்வது லோரிக்குள் இருக்கும் பெட்டிதான். சூரியன் தன் சந்நிதி மாத்திரத்தால் தாமரையை மலர்விக்கிறான், மலர்விக்க வேண்டுமென்று அவன் சங்கற்பிப்பதில்லை என்று சைவ சித்தாந்திகள் சொல்லும் திருஷ்டாந்தம் இவ்விடத்தில் அழகாகப் பொருந்துகிறது. பெட்டி அறிந்துகொண்டதைச் சாதாரணக் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் வழியாகவோ வேறொரு செயற்கைக்கோளின் வழியாகவோ முதலாளியின் அலுவலகத் திரைக்கு அனுப்பும் பகுதி தனியானது. ஆகவே வானம் நிரபராதி. கண்காணிப்பவர் தரையில்தான் இருக்கிறார்.

மலாயாத் தமிழனுக்குக் கண்காணிக்கப்படுவது புதிய அனுபவமன்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்த பிறகும், 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரை, கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக்கொண்டு வந்தான். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் வரிசையில், நிறுத்திப் பெயர் கூப்பிட்டான். எத்தனை ரப்பர் மரம் சீவினாய் என்று கணக்குக் கேட்டான். அந்தக் கங்காணிக்கு அஞ்சி மரம் சீவியவனைத் தர்மவான் என்று எவரும் புகழ்ந்ததில்லை. அதே மனிதன் தோட்டத்து மாரியம்மனுக்கு முன் தனியே நின்று, ஒருவருக்கும் தெரியாத தன் பிழையொன்றைச் சொல்லி அழுதபோது அவன் நின்ற நிலை வேறு. இரண்டு இடத்திலும் அவன் காணப்பட்டவன்தான். எனினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கூற நம் மனம் மறுக்கிறது. அந்த மறுப்புக்குக் காரணம் என்ன?

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில், தன்னை அறியேன் என்று சபையில் சொல்லும் துஷ்யந்தனிடம் சகுந்தலை சாட்சிகளை வரிசைப்படுத்துகிறாள். சூரிய சந்திரர், காற்று, நெருப்பு, ஆகாயம், பூமி, நீர், யமன், பகல், இரவு, இரு சந்தி, தர்மம் என்று நீளும் அந்த வரிசையின் நடுவே மனிதனுடைய இருதயமும் ஒரு சாட்சியாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். குற்றவாளியின் உள்ளேயே ஒரு சாட்சி அமர்ந்திருந்தால், வெளியிலுள்ள சாட்சிகள் அவனுக்கு அந்நியரல்லர். கோயிலுக்குச் சற்று அப்பாலுள்ள கப்பித்தான் கிளிங் மசூதியில் தொழும் தமிழ் முஸ்லிம் வணிகரும், தம் வலப்புறம் ஒருவரும் இடப்புறம் ஒருவருமாக இரு வானவர் நற்செயலையும் தீச்செயலையும் எழுதிக்கொண்டிருப்பதாக விசுவசிக்கிறார். நமக்கு அந்த உத்தியோகம் சித்திரகுப்தனுடையது. சித்திரைப் பௌர்ணமி அவனுக்குரிய தினம். காஞ்சிபுரத்தில் அவனுக்கென்றே ஒரு கோயில் உண்டு.

இவ்விடத்தில், எழுதத் தயங்கினாலும் எழுதியே தீரவேண்டிய ஒன்று இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் காலையில், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்பளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் படையினரின் வண்டியோடு கல்லேற்றி வந்த லோரி மோதி, அவர்களில் ஒன்பது பேர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநரின் சுதந்திரத்தைப் பற்றித் தத்துவம் பேசுகிறவன் எதிரே வருகிறவனின் உயிரை மறந்துவிடலாகாது. அந்தக்கரண சுத்தி உண்டாகும் வரை சாலை காத்திருக்க முடியாது. அதுவரை தண்டநீதி காவல் நிற்கத்தான் வேண்டும். எனவே அந்தக் கருவியைப்போலவே, கவனிக்கும் இந்தப் பெட்டியையும் அதர்மமென்று நிந்திக்கும் கட்சியில் நான் சேரமாட்டேன்.

ஆயினும் தண்டநீதியின் பலம் எதுவரை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்துக்கு அருகில், 2012-இல், நிறுவன வண்டியொன்றை ஓட்டிய ஒருவர், தாம் போகுமிடம் முதலாளிக்குத் தெரியலாகாதென்று ஜி.பி.எஸ். குரலை அமுக்கும் சிறு கருவியொன்றை வண்டியில் வைத்துக்கொண்டார். விமானங்கள் இறங்குவதற்கு உதவ அந்நிலையத்தில் வைத்திருந்த ஏற்பாடே அதனால் குழம்பிப்போக, மறுவருடம் அவருக்கு ஏறக்குறைய 32,000 டாலர் அபராதம் விதித்தார்கள். ஆன்டெனாவுக்கு அலுமினியத் தாள் சுற்றுகிறவரும் இவருடைய தம்பிதான். நாமும் சித்திரைப் பௌர்ணமியன்று ஏடும் எழுத்தாணியும் வைத்து, மலையளவு பாவத்தைக் கடுகளவாகவும் கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதும்படி கணக்கனிடமே மன்றாடுகிறோம் அல்லவா, இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு குதர்க்கவாதி கேட்கலாம். மன்றாடுகிறவன் கணக்கு மெய்யென்று ஒப்புக்கொண்டு, எழுதுகிறவன் முகத்தை நோக்கிப் பேசுகிறான். தாள் சுற்றுகிறவனுக்குப் பேசுவதற்கு எதிரே ஆள் இல்லை. நான் தேடிய பேதம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: தெய்வ சாட்சி கேட்கவும் செய்யும், கங்காணியின் கணக்கு எழுத மட்டுமே செய்யும். காட்சியினால் மட்டும் மனிதன் திருந்துவதில்லை. காண்பவரோடு பேசக் கூடுமானால், காணப்படுவதே ஒருவகைத் துணையாகிவிடுகிறது.

கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் காட்டுப் பகுதிகளில் தொலைபேசிக் கோபுரம் எட்டாத இடங்கள் உண்டு. அங்கே பெட்டி மௌனமாக எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, கோபுரம் தென்பட்டவுடன் மொத்தமாக ஒப்புவிக்கிறது. லோரி இரவு இரண்டு மணிக்கு நாற்பது நிமிஷம் நின்றது என்று அதில் இருக்கும். தூங்கினாரா, டீசல் திருடி விற்றாரா, பள்ளத்தில் கிடந்த மோட்டார் சைக்கிள்காரரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாரா என்பது இராது. சித்திரகுப்தனின் ஏட்டில் செயலோடு எண்ணமும் எழுதப்படுகிறது என்பது நம்பிக்கை. பெட்டிக்கு எண்ணத்தை அறியும் புலன் இல்லை.

இந்தக் குறையை அந்த யந்திரத்தை முதலில் அமைத்தவர்களே அறிந்திருந்தார்கள் போலும். 1988-இல் அமெரிக்காவில் குவால்காம் நிறுவனம் ஆம்னிட்ராக்ஸ் என்ற பெயரில் சரக்கு லோரிகளுக்கென வெளியிட்ட செயற்கைக்கோள் சாதனத்தில், இடத்தை அறிவிப்பதோடு, ஓட்டுநரின் பக்கத்தில் ஒரு விசைப்பலகையும் சிறு திரையும் இருந்தன. ஷ்னைடர் என்னும் பெரிய லோரி நிறுவனம் அதைத் தன் வண்டிகளில் பொருத்தியபோது, அலுவலகம் கேட்கவும் ஓட்டுநர் பதில் எழுதவும் வழி பிறந்தது. அந்த வழியைக் குற்றேவல் ஏவுவதற்கு மட்டும் பயன்படுத்திய முதலாளிகளும் இருந்திருப்பார்கள். அது யந்திரத்தின் பிழையன்று. இன்று மலிவு விலையில் விற்கும் பெட்டிகளிலோ பேசும் பகுதிக்குத் தனி விலை சொல்கிறார்கள். செலவைச் சுருக்க விரும்புகிறவர் முதலில் தள்ளுவது அதைத்தான். என்னைக் கேட்டால், அதையும் சேர்த்தே பொருத்துங்கள் என்பேன். அந்த நாற்பது நிமிஷத்துக்கு எதிரே ஓட்டுநர் தம் கையால் ஒரு வரி எழுதட்டும். அவ்வரியைப் படிக்க மறுமுனையில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.