கொடுத்த பொருள் யாருடையது?

ரமளானில் இருபது நோன்பு கழிந்துவிட்டால் நம் ஊர்களில் ஜகாத், ஸதகாவைப் பற்றிய பேச்சு தானாக வந்துவிடும். சென்ற ரமளானில் ஆய்க்குடியில் அஸர் தொழுகைக்குப் பின் அப்படிச் சிலர் பேசிக்கொண்டிருந்தோம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவர் ஒரு தொகையை அனுப்பி, ‘இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து முகாமில் இருப்போரின் பிள்ளைகளுக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள், எங்கள் வாப்பாவின் பெயரைப் பொறித்துவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தார்.

மூன்று ஆட்சேபங்கள் எழுந்தன. பசித்தவனுக்குச் சோறு போடலாம், செல்போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் தர்மப் பணமா என்றார் ஒருவர். முகாமில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஆயிற்றே என்றார் இன்னொருவர். கொழும்பில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சற்று நேரம் கழித்து, “1990ல் யாழ்ப்பாணத்திலிருந்து நம்மவர்களைத் துரத்தினார்களே, அப்போது நமக்கு யார் கொடுத்தார்கள்?” என்றார்.

முதல் ஆட்சேபத்துக்கு நம் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ பரக்கத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று நிமிர்ந்தார்கள். நாடிழந்து வந்தவருக்குச் சோற்றைவிடச் சந்தைக்கு வழி பெரிதாகத் தெரிந்தது. இன்று கல்லூரிக்கு மனுப் போடுவதும், வேலை தேடுவதும், கடல் கடந்த உறவின் முகத்தைப் பார்ப்பதும் அந்தச் சிறு கருவி வழியாகத்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளையின் பாடம் நின்றதை நாமே பார்த்தோம். 2019 செப்டம்பரில் வங்காளதேச அரசு ரோஹிங்யா முகாம்களில் இணையத்தைக் கட்டுப்படுத்தியது. மறு ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தத் தடை தளர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தின் முதல் மாதங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு, லட்சக்கணக்கானோர் செய்தி அறிய வழியின்றி இருந்தார்கள். இதை வீண் ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது சட்டப் பிரச்னை. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்குரியது என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. ஆனால் ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. சிறைப்பட்டவருக்கு உணவளிப்போரைத் திருமறை புகழ்கிறது. அக்காலத்தில் சிறைப்பட்டு வந்தவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர். ஆகவே அனுப்பியவரிடம் இது ஜகாத்தா ஸதகாவா என்று கேட்டு அறிந்தோம். ஸதகாதான் என்றார். அத்துடன் அது தீர்ந்தது.

மூன்றாவதைத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் தவணை. ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். வீடு, கடை, நகை அத்தனையையும் போட்டுவிட்டுப் புத்தளத்துக்கும் பிற ஊர்களுக்கும் நடந்தார்கள். அந்த வலி பொய் அல்ல. அதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து திருப்பிவிட வேண்டாம் என்ற கட்டளை வேறு எந்த வேளைக்கு? முகாமில் இருப்பவர்கள் துரத்தியவர்கள் அல்லர். அதே போரின் குண்டுக்குப் பயந்து படகேறியவர்கள். கம்ப்யூட்டர் கேட்கும் பிள்ளையோ தமிழ்நாட்டில் பிறந்தது. யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சம்மதமா என்பதை நாமும் கேட்கவில்லை.

எங்களுக்குப் பெரிதாகத் தோன்றிய கேள்வி யாரும் எழுப்பாத நான்காவது ஒன்று. பத்து கம்ப்யூட்டர் என்று முடிவு செய்தது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இப்படி ஒரு காரியத்தில் நாமும் சேர்ந்திருந்தோம். நல்ல எண்ணத்துடன் கம்ப்யூட்டர்களை வாங்கி ஓர் அறையில் வைத்தோம், ரிப்பன் வெட்டினோம், சாவியை நிர்வாகி ஒருவர் வைத்துக்கொண்டார். அவர் ஊரில் இல்லாத நாளெல்லாம் பூட்டு. கரண்டு பில் கட்ட யாருக்கும் நினைவில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் எலிகள் வயரைக் கடித்திருந்தன. கொடுத்தோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் கொடுக்கவே இல்லை.

ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேற ‘தம்லீக்’ வேண்டும் என்பார்கள். பொருள் பெறுபவருக்கே உடைமையாகிவிட வேண்டும். அவர் அதை என்ன செய்ய வேண்டும் என்று கொடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொடுத்ததாகாது. ஸதகாவில் சட்டம் அவ்வளவு இறுக்கம் இல்லை என்றாலும் அதன் உட்பொருள் நமக்குப் பாடம் அல்லவா? சாவி நம் இடுப்பில் இருக்கும்வரை அந்தப் பொருள் நம்முடையதுதான்.

உலகத்தார் இதைத் தாமதமாகவே ஒப்புக்கொண்டார்கள். 2016ல் இஸ்தான்புல் மாநாட்டில், மனிதாபிமான உதவி நிதியில் கால் பங்கு 2020க்குள் அந்தந்த நாட்டு, அந்தந்த ஊர் அமைப்புகளின் கையிலேயே சேர வேண்டும் என்று பெரிய நாடுகளும் நிறுவனங்களும் உடன்பட்டன. தவணை கடந்தது, இலக்கு எட்டப்படவில்லை. நம் மாநிலத்திலோ ஈழ அகதிகளே 1984ல் தங்களுக்கென ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். சந்திரஹாசன் அதன் நிறுவனர். 2021ல் தமிழக அரசு 317 கோடியே 40 லட்ச ரூபாயில் முகாம்களில் வீடு முதலிய திட்டங்களை அறிவித்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்றும் மாற்றியது. கூரையை அரசு போடலாம். உள்ளே என்ன வேண்டும் என்பதைக் குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஆய்க்குடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1975ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், 1981ல் இந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன தேவை என்று அங்கே முடிவு செய்தவர் சக்கர நாற்காலியில் இருந்தவரே. பின்னாளில் அவருடன் பொறுப்பேற்ற சங்கரராமனும் தசைச் சிதைவு நோயுடையவர். நோயாளியின் கையில் நிர்வாகமா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம்.

பணத்தைக் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்களா என்று வாசகர் கேட்கக்கூடும். இல்லை. ஜகாத் வசூலிக்கச் சென்று வந்த இப்னுல் லுத்பிய்யாவிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கணக்குக் கேட்டார்கள். ‘இது எனக்கு வந்த அன்பளிப்பு’ என்று அவர் ஒதுக்கி வைத்ததைக் கண்டித்தார்கள். கணக்குக் கேட்பது அமானிதம். உத்தரவு போடுவது வேறு.

முகாமில் பெண்கள் நடத்தும் குழு ஒன்றிடம் போய்க் கேட்டோம். கம்ப்யூட்டர் வேண்டாம் என்றார்கள்! பல வீடுகளில் போன் இருக்கிறது, டேட்டா போடத்தான் காசில்லை என்றார்கள். அவர்கள் கேட்டவை ஒரு பிரிண்டர், ஓராண்டு இணையக் கட்டணம், பட்டம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் முகாம் பெண் ஒருத்திக்குச் சிறு சம்பளம். மாலையில் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பெரியவர்களுக்கு மனு அனுப்பித் தருவாள். பெயர் பொறிக்க இடமில்லாத செலவுகள்! அனுப்பியவருக்குத் தயக்கத்துடனேயே எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள் என்று வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து முதல் கணக்கு நோட்டு வந்தது. இணையக் கட்டணம், காகிதம், மை, சம்பளம். கடைசியில் தார்ப்பாய் ஒன்று. “இது எதற்கு?” என்றார் நம்மில் ஒருவர். சாரல் காலம், கூரை ஒழுகுகிறது, பிரிண்டரை மூட என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். கொழும்புப் பெரியவர் நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஒருமுறை படித்தார்.