இடமறிந்து நடுதல்

மரம் நடுவது நற்செயல் என்பதில் நம்மவரிடையே இருவேறு கருத்து இல்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தமைந்த நபிமொழியை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். அப்படியிருக்க, மரம் நட்டதே ஓர் அநியாயமாக முடியக்கூடுமா என்று கேட்டால், கேட்பவனை விநோதமாகப் பார்ப்பார்கள். ஆயினும் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் நடந்தது இக்கேள்வியை எழுப்பாமல் விடுவதில்லை.

அம்மலைகளில் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே காடு ஒரே போர்வையாக நிலத்தை மூடுவதில்லை. மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் சோலை. அதைச் சுற்றி மலை முதுகெங்கும் புல்வெளி. சோலைக்குள் நாவலின் உறவினங்கள், கருவாவின் இனங்கள், காட்டுச் செண்பகம் எனப் பலவகை மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அடிவாரத்து மழைக்காட்டு மரங்களைப்போல் இவை வானளாவுவதில்லை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டரில் குடை கவிழ்த்து, கிளையெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். உயரம் கூடக்கூட மரவகைகளின் எண்ணிக்கை குறைவது மலைக்காடுகளின் பொது வழக்கம். ஆனால் அங்கே எஞ்சி நிற்பவற்றுள் பல, உலகில் வேறெங்கும் காணக்கிடையாதவை. எண்ணிக்கையைக் கொண்டே செல்வத்தை அளப்பவர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

சோலையை விட்டுப் பத்தடி வெளியே வந்தால் மரமில்லாததேன்? மார்கழி, தை மாதத்து உறைபனி திறந்த வெளியில் முளைத்த இளங்கன்றைக் கருக்கிவிடுகிறது. காற்றும் தீயும் எஞ்சியவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. சோலைக்குள்ளோ முதிய மரங்களின் கூரை கன்றுகளுக்குக் கதகதப்பைக் காத்துத் தருகிறது. புல்லின் நடுவே துணிந்து நிற்பவை, செம்மலர் பூக்கும் காட்டுப் பூவரசு போன்ற மிகச் சிலவே. காட்டை அழித்ததால் வந்த புல் இது என்று கருதியவர்களும் உண்டு. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது தெரியவந்தது. திருமறையின் ஹிஜ்ர் அத்தியாயத்தில், பூமியில் முளைப்பித்தவற்றைக் கூறுமிடத்தில் ‘மவ்ஸூன்’ என்ற சொல் வருகிறது. நிறுத்து அளவிடப்பட்டது என்பது அதன் பொருள். அச்சொல்லுக்கு இந்த மலையைவிடத் தெளிவான விரிவுரையை நான் கண்டதில்லை.

வெள்ளையர் ஆட்சி இப்புல்வெளியைத் தரிசு என்று எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் தைல மரமும் விறகுக்காக வந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னரும் நடவு நிற்கவில்லை, மேலும் பெருகியது. தைல மரம் செயற்கைப் பட்டுக்கான கூழாயிற்று. சீகைப் பட்டை தோல் பதனிடச் சென்றது. அத்தொழிலில் நம் சமுதாயத்தவரின் பங்கு சிறியதன்று என்பதை மறைப்பதற்கில்லை. பழனி மலையில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அதிற்பெரும்பகுதி நட்ட மரங்களுக்கே போயிற்று. உதகை செல்லும் வழியில் அம்மரங்களின் நெடிய வரிசையைக் கண்டு ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று வியந்தவர்களில் நானும் ஒருவன்.

மேற்சொன்ன நபிமொழி, உண்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. தைல மரத்தோப்பில் வரையாட்டுக்கு மேய என்ன இருக்கிறது? தோடர்களின் எருமைக்கு என்ன இருக்கிறது? நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கருகே நகீஃ என்னும் இடத்தைக் குதிரைகளுக்காக ‘ஹிமா’வாக ஒதுக்கினார்களே, அது மேய்ச்சல் நிலம்தான். ஊரையொட்டிய மேய்ச்சல் நிலத்தை ‘மவாத்’ என்னும் இறந்த நிலத்தின் கணக்கில் ஹனஃபி சட்ட அறிஞர்கள் சேர்ப்பதில்லை. புல்லை உயிரற்ற நிலமாகக் கண்ட கண் நம் மரபின் கண்ணன்று.

நிய்யத் நல்லதாயிருந்ததே என்பர். மருத்துவம் கல்லாதவன் மருந்து கொடுத்துக் கேடு விளைந்தால், அவனுடைய நல்லெண்ணம் அவனை ஈட்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்பது ஃபிக்ஹில் தெளிந்த விதி. மலையில் விளைந்த கேடும் அளந்து காணப்பட்டதே. கிளென்மார்கனில் ஒன்றையொன்று ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளுள் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972இல் தைல மரம் நட்டனர். முதற்பத்தாண்டுகளில் நட்ட இடத்தின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. இம்மலைகளின் ஓடைகளே பவானியிலும் மோயாற்றிலும் சேர்கின்றன. சமவெளியில் ஒளூச் செய்பவர் கையில் விழும் நீருக்கும் அந்தப் புல்லுக்கும் தொடர்புண்டு.

ளுல்மு என்னும் சொல்லுக்கு, ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல் என்று அரபு அகராதியாசிரியர்கள் விளக்கம் தந்தனர். சீகையின் மீது குற்றமில்லை. ஆஸ்திரேலியாவில் அதற்கு உரிய இடம் உண்டு.

அப்படியானால் வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் எளிதன்று. சீகையின் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ பரவினாலோ ஒன்று நின்ற இடத்தில் நூறு முளைக்கும். ஒரு தீங்கை அதற்கொப்பான தீங்கால் நீக்கலாகாது என்ற சட்ட விதி இங்கே நினைவுக்கு வருகிறது. புல்லுக்குள் அண்மையில் நுழைந்த இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கலாம், அதில் தயக்கமில்லை. முதிர்ந்த தோப்புகளில்தான் சிக்கல். பழனி மலையில் அத்தகைய தோப்புகளின் நிழலில், பறவைகள் கொண்டுவந்த விதையிலிருந்து சோலை மரக்கன்றுகள் எழுகின்றன. அயல் மரமே உள்ளூர்க் கன்றுக்குக் கூரையாகி நிற்கிறது. அந்தக் கன்று நிற்பதோ ஒருகாலத்தில் புல்லிருந்த இடம். அதைக் காப்பதா, புல்லின் உரிமையை மீட்பதா? என் மனம் கன்றின் பக்கமே சாய்கிறது. அத்தீர்ப்பில் வரையாட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது.