ஊழும் நட்டஈடும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஒருவர் பனையால் விழுந்தாலும், கடலில் இயந்திரம் கையைப் பிடித்தாலும், கட்டட வேலையில் சாரம் சரிந்தாலும், அன்று பொழுதுபடுவதற்குள் ஊர் அதற்கொரு காரணம் கண்டுவிடும்: அவருடைய விதி. செத்த வீட்டு முற்றத்தில் அந்த விளக்கத்தை நான் மறுக்க மாட்டேன். காற்று மாறின நேரத்தில் மகனைத் தொழிலுக்கு விட்டேனே என்று உருகும் தாய்க்கு அது ஆறுதல். தன்மேல் இல்லாத பழியைச் சுமக்காதபடி அது அவளைக் காக்கிறது. ஆனால் வள்ளத்துச் சொந்தக்காரரோ ஒப்பந்தக்காரரோ அதையே சொல்லும்போது, அவர்மேல் உண்மையாகவே இருக்கும் பொறுப்பு ஒன்று சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது. வைத்தியச் செலவுக்கு ஒரு தொகை, ஒரு மூட்டை அரிசி, தோளில் ஒரு தட்டு. அத்தோடு விஷயம் முடிந்தது. வினைப்பயனை மனமார நம்பும் ஒருவர், தன் வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவரா? நம்பாதவரை விட நம்புகிறவருக்கே அந்தக் கடமை இறுக்கமானது என்பது என் வாதம். கோயில் மணிச் சத்தம் கேட்காத ஊர் இல்லாத இந்தத் தீவுகளில், சமயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பேசினால் பேச்சு எவர் காதிலும் ஏறாது.

சைவ சித்தாந்தம் கன்மத்தைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுக்கிறது: சேர்ந்து கிடப்பது, இப்போது அனுபவத்துக்கு வந்திருப்பது, இப்போது புதிதாக ஈட்டிக்கொள்வது. விழுந்தவரின் முறிந்த கால் அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அவரை வேலைக்கு அமர்த்தியவர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார்? தன் ஆகாமியத்தில் நிற்கிறார். நெடுந்தீவில் கால் முறிந்தவருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்பது ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடலும், குறிகாட்டுவானில் இறங்கியபின் புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று நீளும் தெருவும். அந்த வழி முழுக்க அவரோடு போவதா, அடுத்த ஆறு மாதம் அவர் வீட்டு அடுப்புக்கு வழி செய்வதா, கைகழுவுவதா என்பது முதலாளியின் புது வினை. அதை விழுந்தவரின் பழைய கணக்கில் எழுத எந்தச் சாத்திரமும் இடம் தரவில்லை. இன்னொன்றும் உண்டு. கன்மம் சடம், அதற்கு அறிவில்லை, உரியவரிடம் அது தானாகப் போய்ச் சேராது. ஆகவே வினையை அறிந்து ஊட்டுவதற்கு இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. அப்படியானால் இன்ன துன்பம் இன்னாருக்கு உரியது என்ற கணக்கு இறைவனிடம் மட்டுமே இருக்கிறது. ‘இது உன் வினை’ என்று கூலியாளிடம் சொல்லும் முதலாளி, தனக்குத் தெரியவே முடியாத கணக்கைப் படித்தவராகப் பேசுகிறார். ஆறுமுக நாவலரை விட உறுதியாக வினைக்கொள்கையைப் பிடித்து நின்ற யாழ்ப்பாணத்தார் இல்லை. சாதி விஷயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. ஆனாலும் 1870களின் பஞ்ச காலத்தில், பட்டினி கிடந்தவர்களின் வினை அது என்று அவர் சும்மா இருக்கவில்லை. வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி நடத்தினார். அரசாங்க அதிபர் துவைனம் துரையின் நிர்வாகத்தையும் கண்டித்தார். பசியாற்றுவதும் பொறுப்பானவரைக் கேள்வி கேட்பதும் வினை நம்பிக்கைக்கு முரண் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் சிறிது தூரத்திலேயே நாகதீப விகாரை இருக்கிறது. பௌத்தமும் வினையைப் போதிக்கும் சமயம்தான். ஆனால் சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராசகர் புத்தரிடம் நேராகவே கேட்கிறார்: மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாம் முற்செயலின் பயன் என்கிறார்களே, சரியா? புத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. பித்தம், கபம், வாயு, மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், முறைகெட்ட நடைமுறை, பிறர் செய்யும் தாக்குதல் என்று காரணங்களைச் சொல்லி, எட்டாவதாகவே முன்வினையை வைக்கிறார். எல்லாம் முன்வினை என்பவர்கள் தாமும் உலகமும் கண்டறிந்ததைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. வினையை நம்புவது வேறு, கண்ணுக்குத் தெரியும் காரணத்தை அதன்பின்னால் ஒளிப்பது வேறு. மணிமேகலைக் காப்பியம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. அதில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்பவர் பலர், மறுப்பவரும் உண்டு. அந்தத் தீவில் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள், அமுதசுரபியும் அங்கேதான் அவள் கைக்கு வருகிறது. பின்னர் அவள் பசி தீர்த்தவர்களில் ஒருத்தி காயசண்டிகை. முனிவர் ஒருவருக்குரிய நாவற்கனியைக் காலால் மிதித்துச் சாபம் வாங்கி, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்ற அடங்காப் பசியில் வெந்தவள். அந்தப் பசிக்குக் காரணம் அவள் செய்கைதான். அது கதைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தும் மணிமேகலை அவளுக்குச் சோறிட்டாள். வினை ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த இடத்திலேயே உதவி தடைப்படவில்லை என்றால், தெரியாத இடத்தில் அதைச் சாட்டாகச் சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

விபத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் காரணங்கள் மர்மமானவை அல்ல என்பது தெரியும். சீவல் தொழிலாளி காலையும் மாலையும் காலில் தளநாரும் இடுப்பில் முட்டியும் பாளைக்கத்தியுமாக ஏறி இறங்குகிறார். மழையில் வழுக்கும் மரம், பிடித்த கையோடு கழன்று வரும் காவோலை, தேய்ந்தும் மாற்றாத நார், பருவத்தில் ஒரே நாளில் ஏற வேண்டிய மரங்களின் எண்ணிக்கை, இவற்றில் எது விண்ணிலிருந்து வந்தது? வடகடலில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடுபவர்களின் கதை இன்னும் தெளிவானது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூச்சுக்காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. கடகடவென்று மேலே வந்தால் அது குமிழாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்குகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போகும் நிலையும் வரும். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், மேலே வரும்போது எங்கெங்கே தரிக்க வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் என்ற உடலியலாளரும் அவருடைய துணைவர்களும் 1908இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அட்டவணை தெரியாத ஒரு பொடியனை இரவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிண்டர் மாற்றி இறக்குபவர், நூறு வருடத்துக்கு மேலாக உலகம் அறிந்த ஆபத்தில் அவனை இறக்குகிறார். யார் பனை ஏறுவது, யார் கடலுக்குப் போவது என்பதைச் சாதியும் வறுமையும் சேர்ந்து தீர்த்த மண் இது. ஆபத்து இன்னார் தலையில்தான் விழும் என்பதை மனிதர் முன்கூட்டியே பங்கிட்டுவிட்டு, விழுந்தபின் தெய்வத்தைக் காட்டுவது தெய்வத்துக்கே செய்யும் அநீதி.

இந்தத் தப்பித்தல் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் வேலையாளுக்கு, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி முறிந்து தொடை எலும்பு உடைந்தது. ஜூரிகள் அவருக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். 1837இல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆபத்தென்று பட்டிருந்தால் அவர் ஏறாமல் விட்டிருக்கலாமே என்பது நீதிபதியின் நியாயம். வேலையை ஏற்றவன் ஆபத்தையும் ஏற்றவன் என்ற அந்தக் கொள்கை, விதி என்ற சொல்லைச் சொல்லாமலே விதியைப் போல வேலை செய்தது. ஜேர்மனி 1884இலும் பிரித்தானியா 1897இலும் அதைக் கைவிடத் தொடங்கின. இலங்கைக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் அடிப்படை எளிமையானது: வேலையிலிருந்தும் வேலையின்போதும் எழுந்த விபத்தா என்பதே கேள்வி, முதலாளி தவறு செய்தாரா என்று காயப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. உழைப்பில் ஆதாயம் காண்பவரே அந்த உழைப்பு உடைக்கும் உடலுக்கும் பொறுப்பு. 2022இன் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக்கியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. மற்ற ஊர்களுக்கு அது ஒரு வசதி. படகில் ஏறாமல் வேலைக்குப் போக முடியாத நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் அது சட்டத்தின் உயிர்நாடி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான சூரிய, காற்று மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதுபோன்ற வேலைகளுக்குக் கடல் கடந்து போகும் ஒவ்வொரு கூலியாளும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

விழுந்தவர் கவனயீனமாக இருந்தால்? முதலாளிமார் அடிக்கடி கேட்கும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சட்டமும் தட்டிக்கழிக்கவில்லை. குடித்திருந்ததாலோ, தெரிந்துகொண்டே கட்டளையை மீறியதாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதாலோ நேர்ந்த காயத்துக்கு அது விலக்கு வைத்திருக்கிறது. சாதாரணக் கவனக்குறைவு அந்த விலக்கில் இல்லை. இருக்கவும் கூடாது. பத்து மணி நேரம் வேலை செய்த மனிதனின் கண் ஒரு கணம் அயரும் என்பது வேலை கொடுப்பவருக்கு முதல் நாளே தெரியும். அந்த அயர்வு தொழிலோடு கூடப் பிறந்தது. மனித உடலை வாடகைக்கு எடுப்பவருக்கு, அது களைக்காது என்று எதிர்பார்க்க உரிமை இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. வள்ளம் வைத்திருக்கும் தீவகத்துச் சம்மாட்டி பெரிய முதலாளி அல்லர், அவரும் கடனில் நிற்பவர். வள்ளத்தில் போகிறவர்களும் கூலியாட்கள் அல்லர், செலவு கழித்து மிச்சத்தில் பங்கு வாங்குபவர்கள். சீவல் தொழிலாளியோ தன் கள்ளைத் தானே சங்கத்துக்குக் கொடுப்பவர். இவர்களுக்கு முதலாளி யார்? சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் எவருமில்லை என்பதே துயரமான பதில். அதனால்தான் இந்தத் தீவுகளில் மிக ஆபத்தான தொழில்கள் 1934 சட்டத்தின் வாசலுக்கு வெளியே கிடக்கின்றன. ஆனால் பங்கு என்ற ஏற்பாடே இந்த மறுப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மீன் பட்டால் வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டு, ஆட்களுக்கும் உண்டு. வலை கிழிந்தால் அந்தச் செலவைப் பொதுவில் கழிக்கிறார்கள். கை கிழிந்தால் மட்டும் அது ஏன் ஒருவரின் சொந்த நட்டமாகிறது? நூலை ஒட்டும் பணத்தைப் பொதுச் செலவென்று ஏற்றவர்கள் தசையை ஒட்டும் பணத்தை மறுக்க எந்த நியாயமும் சொல்ல முடியாது. சம்மாட்டியின் வறுமை, சுமையைப் பலர் சேர்ந்து தாங்க வேண்டும் என்பதற்குக் காரணமாகலாம். அதை முழுவதும் காயப்பட்டவர் தலையில் இறக்குவதற்குக் காரணமாகாது. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக அது முடியும்.

மனமுவந்து கொடுக்கும் தருமத்தைச் சட்டத்தால் பிடுங்கும் பணமாக்கினால் அதன் புண்ணியம் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது தருமக் கணக்கில் சேராது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தபின் மிஞ்சும் இடத்தில்தான் தருமம் தொடங்குகிறது. தருமமாகக் கொடுக்கப்படும் நட்டஈடு, வாங்குபவரைக் கும்பிட வைக்கிறது, ஆடி மாதத்தில் தந்ததை ஆவணியில் நிறுத்திவிடவும் முடிகிறது. உரிமையாக வரும்போது காயப்பட்டவர் நிமிர்ந்து நிற்கலாம், தொகையும் எவர் முகத்தையும் பார்த்து மாறாது. ஊர்காவற்றுறையின் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்களுக்கு இது புதிய போதனையாக இருக்காது. 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்புப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், வேலையில் விபத்துக்கான காப்புறுதியைத் தொழிலாளரின் உரிமைகளோடு சேர்த்தே சொல்லியிருக்கிறார். விவிலியத்தின் யோபுவும் இதற்கு நல்ல சாட்சி. உன் துன்பம் உன் பாவத்தின் கூலி என்று யோபுவிடம் வாதாடிய நண்பர்களையே கடவுள் கடைசியில் கண்டிக்கிறார்.

சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. கடற்றொழிலாளருக்கென 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் ஓய்வூதியத்தோடு சமூகப் பாதுகாப்பு நன்மைகளுக்கும் திட்டம் வகுத்தது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தம் அங்கத்தவரை அதில் சேர்ப்பதை மீன் விலை பேசுவதற்குச் சமமான வேலையாக எடுக்க வேண்டும். பனை தென்னை வளச் சங்கங்களும் ஒவ்வொரு போத்தல் கள்ளுக்கும் ஒரு சிறு தொகையை விழுந்தவர்களுக்கென ஒதுக்கலாம். அதுவரைக்கும் ஊரிடமே ஒரு பழைய வழி இருக்கிறது. திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் வருமானத்திலிருந்து மகமை எடுத்து வைக்க நம்மவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்கு பிரிக்குமுன் கோயிலுக்கு எடுப்பதைப் போலவே காயத்துக்கும் ஒரு மகமை எடுத்து, சங்கப் புத்தகத்தில் தனிக் கணக்காக எழுதி, கேட்கும் அங்கத்தவர் எவரும் பார்க்கும்படி வைக்கலாம். முள்ளந்தண்டு முறிந்த ஒருவரின் வாழ்நாளுக்கு அந்தப் பணம் காணாது. அதற்கு அரசின் திட்டம்தான் வேண்டும், அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் விபத்து நடந்த அன்றிரவு படகுக்கும் வானுக்கும், அடுத்த மாதங்களின் அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் அது காணும். அந்த வீட்டார் எவர் வாசலிலும் போய் நிற்காமல் இருக்கவும் காணும்.