தளர்வும் மீட்சியும்

மனித வாழ்க்கை என்றும் ஒரே சீராக ஓடுவதன்று. நோய், உற்றாரின் பிரிவு, பொருளிழப்பு, ஊர்விட்டு ஊர் பெயர்தல் என ஏதேனும் ஒன்று குறுக்கிடுங்கால், பல்லாண்டுகளாகப் பேணிவந்த நாளொழுக்கம் முறிந்துபோகிறது. விடியலில் நீராடித் திருமண்காப்புத் தரித்துத் திருவாராதனம் செய்துவந்தவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடுகிறது. நோய் நீங்கிய பின்னும் பழைய ஊக்கம் எளிதில் திரும்புவதில்லை. “விட்டது விட்டுப்போயிற்று, இனி எந்த முகத்தோடு தொடங்குவது?” என்னும் கூச்சம் உடற்சோர்வினும் பெரிய தடையாகி நிற்கிறது. இடையில் அற்றுப்போன ஒன்றை மீண்டும் தொடுக்க இயலுமா? இயலுமெனில் எங்கிருந்து தொடங்குவது? இவ்வினாவிற்குத் திருவரங்கத்தின் வரலாறே தக்க விடை பகர்கிறது.

1323-ஆம் ஆண்டில் தில்லிப் படைகள் திருவரங்கத்தைத் தாக்கின. அப்பொழுது முதுமை எய்தியிருந்த பிள்ளை லோகாசாரியர், உற்சவமூர்த்தியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தென்திசை நோக்கிப் புறப்பட்டார். மூலவரான பெரியபெருமாளின் திருமுன்பு கல்திரை எழுப்பப்பட்டது. வழியில் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் ஆசாரியர் திருநாடு அலங்கரித்தார். பெருமாளோ மலைநாடு, மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் தங்கியிருந்து, செஞ்சியை அடுத்த சிங்கவரத்தின் வழியாக, 1371-இல் விசயநகரத் தலைவர் கோபணாரியரின் முயற்சியால் தம் திருக்கோயிலுக்கு மீண்டும் எழுந்தருளினார். இடையே கழிந்தவை 48 ஆண்டுகள்.

இவ்வரலாற்றில் முதலில் கருதத்தக்கது அந்தக் கல்திரை. வெளியே நின்று நோக்கியவர்களுக்குச் சந்நிதியே இல்லாதது போலத் தோன்றியிருக்கும். ஆயினும் திரைக்குப் பின்னே பெரியபெருமாள் பள்ளிகொண்டபடியே பள்ளிகொண்டிருந்தார். மீட்சிக் காலத்தில் புதிதாக ஒரு மூலவரைப் படைக்க வேண்டியிருக்கவில்லை; திரையை விலக்குவதே வேண்டியிருந்தது.

இராமாநுச சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றிக் கூறுவதும் இதுவே. ஆன்மாவின் சொரூபம் மாறுபாடற்றது. அதன் தர்மபூத ஞானம் மட்டுமே விளக்கின் ஒளி போலச் சுருங்குவதும் விரிவதுமாய் இருக்கிறது. துன்பக் காலத்தில் நேர்வது அவ்வொளியின் சுருக்கமேயன்றி விளக்கின் அழிவன்று. எம்பெருமானுக்கும் உயிருக்கும் உள்ள சேஷ-சேஷி உறவு, அனுட்டானத்தால் உண்டானதன்று. ஆதலின் அனுட்டானம் நின்றதனால் அற்றுப்போவதுமன்று. “என்னிடம் ஒன்றும் எஞ்சவில்லை” என்று கலங்குபவன், திரையைக் கண்டு சந்நிதி இல்லையென்று எண்ணியவனை ஒப்பான்.

இரண்டாவதாகக் கருதத்தக்கது, இடைக்காலத்தில் உதவியதை மதித்தல். உற்சவமூர்த்தி இல்லாத நாளில் வேறொரு திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாடு நடைபெற்றதெனக் கோயிலொழுகு கூறும். நம்பெருமாள் திரும்பிய பின்னர் அத்திருமேனி ஒதுக்கப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்னும் திருநாமத்தோடு யாகசாலைக்கு எழுந்தருளும் பெருமை அதற்கு உண்டாயிற்று. நோயுற்ற காலத்தில் திருநாமம் ஒன்றையே முணுமுணுத்துக் கிடந்தவர் அதனைக் குறைவழிபாடு என்று இகழ வேண்டுவதில்லை. அச்சிறு பற்றே அவரை இக்கரைக்குக் கொணர்ந்து சேர்த்தது.

மூன்றாவது செய்தி ஒரு வண்ணாரைப் பற்றியது. மீண்டு வந்த மூர்த்தியே பண்டைய மூர்த்தி என்று துணிந்து கூற, ஊரில் நேரில் கண்டவர் அரியராயினர். கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனத்து ஈரவாடையின் தீர்த்தத்தைச் சுவைத்து, அதன் பழைய நறுமணத்தை உணர்ந்து, “இவரே நம்பெருமாள்” என்றார் என்பது மரபு. அத்திருநாமமே நிலைத்துவிட்டது. நாள்தோறும் பணிவோடு செய்த சிறு தொண்டு, ஐம்பது ஆண்டு ஆகியும் மறவாது நிற்கும். பழகிய கை பழைய வழியை அறியும். அதனை மீண்டும் அவ்வேலையில் இடுவதே செய்யத்தக்கது.

அவ்வாறாயின் இழந்ததையெல்லாம் ஈடுசெய்துவிட வேண்டுமா? 48 ஆண்டுகளில் நடவாத திருவிழாக்களை எண்ணி நடத்திவிட எவரால் இயலும்? அடுத்து வரும் திருநாளைச் செவ்வனே நடத்துவதே மனிதரால் ஆவது. சோர்ந்த உடலோடு ஒரே நாளில் அனைத்தையும் மீட்க முனைவோர் விரைவில் முன்னிலும் தளர்ந்து வீழ்கின்றனர். கண்ணபிரான் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் மிகுதியாக உண்பவனுக்கு மட்டுமன்றி உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கு மட்டுமன்றி உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாதென்று அருளுகிறான். உணவும் உறக்கமும் ஓய்வும் அளவோடு அமைதல் பக்திக்குப் புறம்பானதன்று, அதற்கு அடித்தளமாகும். இன்று ஒரு வேளைச் சந்தியாவந்தனம், நாளை ஒரு பாசுரம் எனத் தொடங்குதல் போதும்.

உள்ளத்தின் தளர்வுக்கு மருந்து எது? இலங்கை முழுதும் தேடியும் பிராட்டியைக் காணாத அனுமன், உயிரையே விட்டுவிடலாமோ என்னும் அளவிற்கு மனம் உடைந்தான். பின்னர், சோர்வுக்கு இடங்கொடாமையே ஆக்கத்திற்கு வேரென்று தெளிந்தான். இன்னும் தேடாத சோலை ஒன்று அவன் கண்ணிற்பட்டது. இராமபிரானையும் இளையபெருமாளையும் பிராட்டியையும் வணங்கி அதனுட் புகுந்தான். அங்கேயே பிராட்டி இருந்தாள். இழந்தவற்றைக் கணக்கிடுவதை விடுத்து, செய்யாது எஞ்சியிருக்கும் ஒன்றை நோக்குவதே அவன் காட்டிய வழி.

இவ்வாறு கூறுவது சோம்பலுக்கு இடந்தராதோ என ஐயுறலாம். ஆகமங்கள் இதனையும் எண்ணியே பவித்ரோத்ஸவத்தை விதித்துள்ளன. ஆண்டு முழுதும் வழிபாட்டில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகளுக்குப் பரிகாரமாக அது நடைபெறுகிறது. குறை நேருமென்பதைச் சாத்திரம் முன்னரே அறிந்திருக்கிறது. அதனைப் பொருட்படுத்தாமல் விடவுமில்லை. பரிகாரம் உண்டென்று கருதி வேண்டுமென்றே கைவிடுபவன் வேறு. காலத்தின் கொடுமையால் தடையுற்று வருந்தித் திரும்புபவன் வேறு. முன்னவனுக்கு அது எச்சரிக்கை, பின்னவனுக்கு ஆறுதல்.

மீட்சி ஒரு நாளில் நிறைவதுமன்று. பெருமாள் திரும்பியது 1371-இல். அதற்கு முந்தைய ஆண்டில் அவதரித்த மணவாள மாமுனிகள் வளர்ந்து திருவரங்கம் வந்தடைந்த பின்னரே சம்பிரதாயமும் கோயில் ஒழுங்கும் முழுப்பொலிவு பெற்றன. ஒரு திருக்கோயிலுக்கே இத்தனை காலம் வேண்டியிருந்ததெனில், மெலிந்த மனிதன் தன்பால் பொறுமை கொள்வது தவறாகாது.

விழாக்காண வந்திருக்கும் அடியார்களுள், நீண்ட துன்பத்திற்குப் பின் முதன்முறையாகத் திருக்கோயிலின் படியேறுவோரும் பலர் இருத்தல் கூடும். வராத நாள்களைப் பற்றிக் கேட்பவன் அல்லன் எம்பெருமான். வந்த நாளைத் தொடக்கமாகக் கொண்டு, அவன் திருவடி நிழலில் உடலும் உள்ளமும் நலம்பெற்று அவர்கள் வாழ்வார்களாக.