விலங்கின் முகமும் மனிதனின் கடனும்

கலை யாருக்காக என்னும் வினா நம் கல்விக்கூடங்களில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்த ஒன்றாகும். அவ்வினாவை ஆராய்ந்தோர் பெரும்பாலும் நாவலையும் கவிதையையும் நாடகத்தையுமே சான்றாகக் கொண்டனர். பெருங்கலைகளை வைத்துக் கலையின் பயனை நிறுவுவது எளிது. மிகச் சிறிய, எவரும் பொருட்படுத்தாத ஒரு கலைமுயற்சிக்கும் அறநோக்கில் இடமுண்டா எனக் கேட்பதே கடினமானது. இக்கட்டுரை அக்கேள்வியைக் கேட்க முனைகின்றது.

நெடுந்தீவில், முருகைக்கல் வேலி சூழ்ந்த வீடொன்றில் ஒருவர் வாழ்கிறார் எனக் கொள்வோம். கிணற்றடி வேலையும் அடுக்களை வேலையும் முடிந்தபின் அவர் விறாந்தையில் அமர்ந்து விலங்குகளின் முகங்களை வரைகிறார். மூக்குக்கண்ணாடி அணிந்த வெள்ளாடு. சம்மாட்டியாரைப் போலக் கால்மேற் கால் போட்டு மீன்கூடையைப் பார்த்திருக்கும் கடுவன் பூனை. கலியாணத்துக்குப் புறப்பட்ட பெண்ணைப் போலப் பிடரி மயிரைப் பின்னி முடித்த குதிரை. பார்ப்போர் சிரிக்கின்றனர், சிலர் வாங்கிச் செல்கின்றனர். ஒருவரின் படைப்பு வாழ்வு முழுவதும் இவ்வாறே கழியுமாயின், அதனை நல்வாழ்வு எனலாமா? குடிநீருக்கு அல்லற்படும் தீவில், போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில், இது பொறுப்பற்ற பொழுதுபோக்கு ஆகாதா?

இக்கற்பனைக்கு நெடுந்தீவைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறை அமைந்த தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. ஏனைய பெயர்கள் மங்கிவிட, டெல்ஃப்ட் என்பது மட்டும் இன்றும் நிலைத்துள்ளது. அப்பெயரின் மூலநகராகிய டெல்ஃப்டிலேதான் விலங்குருவ ஓவியத்தின் இரு சிறந்த எடுத்துக்காட்டுகள் தோன்றின. பௌலுஸ் பொட்டர் என்பார் அந்நகர ஓவியர் சங்கத்தில் சேர்ந்திருந்த காலத்தில், 1647இல், ஓர் இளங்காளையை ஏறத்தாழ அதன் உண்மை அளவிலேயே வரைந்தார். அரசர்க்கும் தளபதியர்க்கும் உரிய பேரளவு ஒரு மாட்டுக்கு வழங்கப்பட்டது. றெம்பிரான்டின் மாணவராகிய காரல் ஃபப்ரீஷியஸ் 1654இல் காலிற் சங்கிலி பூண்ட ஒரு சிறு குருவியைத் தீட்டினார். அவ்வோவியம் கையேட்டின் ஒரு தாளினும் சற்றே பெரியது. அவ்வாண்டிலேயே நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது ஓவியர் மாண்டார், குருவி எஞ்சியது. இரண்டு ஓவியங்களும் இன்று ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஒரு தனிக் குருவியை இத்துணைப் பரிவுடன் நோக்கிய அதே சமுதாயம் நம் தீவுகளில் விலங்குகளை எவ்வாறு நோக்கியது? போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஊர்காவற்றுறை யானை ஏற்றுமதித் துறையாக விளங்கிற்று. போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை என்றே அழைத்தனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியும் அவ்வாணிகத்தைத் தொடர்ந்தது. நெடுந்தீவு குதிரை வளர்ப்புக்கு ஒதுக்கப்பட்டது. கணக்கேட்டில் யானைக்கு உயரம் உண்டு, விலை உண்டு, முகம் இல்லை. அந்த யானைகளைப் பிடித்துக் கொணர்ந்த மனிதர்க்கும் அவ்வேடுகளில் முகம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆகவே முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஓர் உயிரை அன்புடன் வரையும் ஆற்றல் ஒரு சமுதாயத்தை அறமுடையதாக்கிவிடுவதில்லை. பரிவு சட்டத்துக்குள் அடங்கியிருக்கவும், சட்டத்துக்கு வெளியே கொடுமை நடைபெறவும் கூடும். விலங்கோவியத்தைப் போற்றுவோர் அதன் அறப்பயனை மிகைப்படுத்தாதிருக்க இச்சான்று உதவும்.

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம். முதலாவது வாதம், இத்தகைய கலை அற்பமானது என்பதாகும். இதனை எளிதில் ஒதுக்க முடியாது. ஏனெனில் இவ்வாதத்தின் பின்னால் அதே தீவக மண்ணில் வாழ்ந்த ஒருவரின் வாழ்வு நிற்கின்றது. புங்குடுதீவில் 1935இல் பிறந்து 1973இல் மறைந்த மு. தளையசிங்கம், கலை வாழ்வினின்றும் பிரிந்து தனியறையில் இன்பந்தரும் பொருளாக நிற்றலை ஏற்றுக்கொள்ளவில்லை. கலையும் ஆன்மிகமும் சமூகப் பணியும் ஒன்றாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதனை அவர் எழுத்தில் மட்டும் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக அவர் தம் ஊரில் நேரில் நின்று போராடினார். அதற்காக அடியும் பட்டார். அத்தகைய ஒருவர் நம் ஓவியரின் விறாந்தைக்கு வந்து, மூக்குக்கண்ணாடி அணிந்த ஆட்டைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டால் என்ன விடை கூறுவது?

விளையாட்டு என்பது கனதியின் பகை என்று கொள்வதே இக்கேள்வி நமக்குத் தரும் இடர்ப்பாட்டின் வேராகும். அங்ஙனம் கொள்ளவேண்டியதில்லை என்பதற்கு இரவீந்திரநாத தாகூர் சான்றாவார். அறுபது வயதைக் கடந்த பின்னரே அவர் ஓவியத்தில் முழுமையாக ஈடுபட்டார். கையெழுத்துப்படிகளில் தாம் அடித்துத் திருத்திய சொற்களின் மேல் கோடுகளை இணைத்து இணைத்து அவர் உருவங்களை எழுப்பினார். அவற்றுட் பல, எந்த வனத்திலும் வாழ்ந்திராத விசித்திர விலங்குகள். 1930இல் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1919இல் பஞ்சாபிற் படுகொலை நிகழ்ந்தபோது தம் பட்டத்தைத் துறந்தவரும் இவரே. அநீதியைக் கண்டு கொதித்த உள்ளமும், பிழைபட்ட சொல்லிலிருந்து ஒரு வேடிக்கை விலங்கைப் பிறப்பித்த உள்ளமும் ஒன்றே. வங்காளத்து ஜாமினி ராய் தாம் பயின்ற மேனாட்டு உருவப்பட முறையைக் கைவிட்டு, நாட்டார் மரபை மேற்கொண்டு, இறாலைக் கவ்விய பூனையை வரைந்தார். தம் படங்கள் எளியோர் வீடுகளிலும் இடம்பெறல் வேண்டும் எனக் குறைந்த விலைக்கு விற்றார். விளையாட்டு இவர்களிடத்தில் வாழ்வினின்றும் ஓடிப் போதலாக இருக்கவில்லை.

ஆயினும் பெரியோர் இருவரைச் சான்று காட்டுவதால் மட்டும் வாதம் முடிந்துவிடாது. இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நுட்பமானது. விலங்குக்கு மனித உடை அணிவிப்பது அவ்விலங்குக்கே இழைக்கும் அநீதியன்றோ? ஆடு கண்ணாடி அணிய விரும்பியதில்லை. தன்னை வைத்து நாம் சிரிப்பதை அது அறியாது. பஞ்சதந்திர மரபில் நரியும் சிங்கமும் மனிதக் குணங்களுக்கு முகமூடிகளே. அங்கே விலங்கின்மீது எவருக்கும் அக்கறையில்லை. நம் ஓவியரும் அவ்வாறே விலங்கைக் கருவியாக்குகிறார் எனின், அவர்மீது குற்றம் உண்டு.

இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணைசெய்கின்றது. நகை பிறக்கும் நிலைக்களன்களை வகுக்குமிடத்து ஆசிரியர் எள்ளலையும் இளமையையும் வெவ்வேறாக வைக்கிறார். எள்ளிச் சிரிப்பவன் தன்னை உயரத்தில் நிறுத்திக்கொள்கிறான். மழலையின் தள்ளாட்டத்தைக் கண்டு சிரிப்பவனோ தன் உயரத்தை மறந்து குனிகிறான். இரண்டும் நகையே எனினும் அறத்தால் வேறுபட்டவை. வேடிக்கை விலங்கோவியம் எவ்வகை நகையைப் பிறப்பிக்கின்றது என்பதே அதனை மதிப்பிடும் உரைகல்லாகும். பூனையைச் சம்மாட்டியாராக்கி வரையும்போது பூனையின் அலட்சியமான கண்ணையும், செவி திரும்பும் கோணத்தையும், அந்தப் பூனைக்கேயுரிய கிழிந்த காதையும் ஓவியர் கண்டு வரைந்திருப்பாராயின், உடை மட்டுமே கற்பனை, முகம் அவ்விலங்கினுடையது. முகத்தைக் காணாது உடையை மட்டும் வரைவாராயின், அது எள்ளலாகும்.

இதற்கும் மேலே ஒரு படி செல்லலாம். விலங்கின் அகத்தை நாம் அறியோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து மனிதனுக்கு ஆறாவது அறிவை உரித்தாக்குகின்றது. எனினும் ஒருசார் விலங்குகளுக்கும் அவ்வறிவு உண்டு எனக் கொள்ளும் கருத்தும் அம்மரபிலேயே இடம்பெற்றுள்ளது. எல்லை எங்கே என்பதில் நம் முன்னோரும் திட்டமாக இருக்கவில்லை. இந்நிலையில், குதிரையைத் துல்லியமாக வரைந்து 'இதுவே குதிரை' என்பவரைக் காட்டிலும், அதற்குப் பின்னல் போட்டு 'இது என் கற்பனை' என வெளிப்படையாக ஒப்புக்கொள்பவர் ஒருவகையில் நேர்மையானவர். அறியாமையை மறைக்காது, அதனைக் கொண்டே விளையாடுவது அடக்கத்தின் ஒரு வடிவமாகும். நம் கோயில் வாகனங்களைச் செய்த கைவினைஞரும் இதனை அறிந்திருந்தனர். யாளியை எவரும் கண்டதில்லை. எனினும் அதன் விழியில் உயிர் உண்டு.

கற்பனை விலங்குக்கு அகம் வழங்குகின்றது என்பதற்கு நயினாதீவின் ஐதீகமும் சான்றாகும். நாகபூசணி அம்மனுக்குப் பூச் சூட்டுவதற்காக வாயில் மலரைக் கவ்விக் கடலை நீந்திவந்த நாகத்தைக் கருடன் தாக்க வந்தது. நாகம் கடலிலிருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் அதனைக் கண்டு இடைமறித்தான். நாகம் தப்பியது, வணிகனோ தன் செல்வத்தைக் கொண்டு கோயில் எழுப்பும் கடப்பாட்டை ஏற்றான். வணிகன் கண்டது வெறும் பாம்பை அன்று, பூக்கொண்டு செல்லும் அடியாரை. அவ்வாறு கண்டமையால் அவனுக்கு ஒரு கடன் பிறந்தது. அக்கடனை அவன் தன் பொருளால் தீர்த்தான். நோக்குதல் இலவசமானதன்று என்பதே இவ்வைதீகம் நமக்கு உணர்த்தும் கருத்து என யான் கொள்கின்றேன்.

இவ்விடத்தில் டெல்ஃப்ட் நகரத்துக் குருவியையும் ஊர்காவற்றுறை யானையையும் மீண்டும் நினைவுகூர்தல் வேண்டும். அங்கே நோக்கு இருந்தது; ஆனால் நோக்கினாற் பிறந்த கடன் சுவரில் மாட்டிய சட்டத்தோடு நின்றுவிட்டது. நம் ஓவியருக்கும் அதே ஆபத்து உண்டு. அவர் தம் ஆட்டுக்குப் பெயரிட்டு, முகம் கொடுத்து, அதன் துயரையும் குறும்பையும் எழுதுகிறார். அதே வீட்டின் கிணற்றடியில், சாதியின் பெயரால் அயலவரின் வாளி தடுக்கப்படுமாயின், ஆட்டின் முகத்தைக் கண்ட கண் மனிதனின் முகத்தைக் காணாத கண்ணாகும். தளையசிங்கத்தின் வினா அப்பொழுது முழு வலிமையுடன் திரும்பி வரும். அதற்கு விடை, ஆட்டை வரைவதை நிறுத்துவதன்று, வாளியை அனுமதிப்பதேயாகும். அவ்வாறு அனுமதிக்கும் இல்லத்தில் வரையப்படும் ஆடு அற்பமானதன்று. அது அவ்வில்லத்தில் பழகிவரும் ஒரு பார்வையின் பயிற்சியேடு.

இல்லத்திலிருந்து வரையும் கலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கனடாவின் நோவாஸ்கோசியாவில் மோட் லூயிஸ் என்னும் பெண்மணி, மூட்டுவாதத்தால் மடங்கிய விரல்களைக் கொண்டு, ஒற்றை அறை வீட்டில் இருந்தபடி எருதுகளையும் பூனைகளையும் வரைந்து மிகச் சில டொலருக்கு விற்றார். வீட்டுக் கதவிலும் சுவரிலும் அடுப்பிலும் கூட அவர் தூரிகை படர்ந்தது. 1970இல் அவர் மறைந்தார். அவ்வீடு இன்று ஹலிபக்ஸ் நகரக் கலைக்கூடத்தினுள் பேணப்படுகின்றது. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் வறுமை அவரை விட்டு நீங்கியதில்லை. வீட்டுக்கலையை 'சும்மா இருப்போர் செய்வது' என இகழும் நாம், அதனைச் செய்வோரின் உழைப்பையும் காலத்தையும் எவ்வளவு மலிவாகக் கொள்கிறோம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். விலங்கின் முகத்தைக் காணும் ஓவியரின் முகத்தை நாம் காண்கிறோமா என்பதும் அறவினாவே.

1990இல் தீவகத்து மக்களும் 1995இல் வலிகாமத்து மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். கலியாணப் படங்களை எடுத்தவர் உளர். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தவரும் உளர். அம்மாடுகளுக்குப் படம் ஏது? நெடுந்தீவின் குதிரைகளோ ஆட்சியர் மாறி மாறிச் சென்றபின் உரிமையாளரற்று எஞ்சியவற்றின் வழித்தோன்றல்கள். 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனினும் வரட்சிக் காலங்களில் நீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்திகளை நாம் படித்தே வந்துள்ளோம். செய்தியில் அவை எண்ணிக்கை. ஒல்லாந்தரின் கணக்கேட்டிலும் அவை எண்ணிக்கையே. இடையில் எவரேனும் ஒருவர் விறாந்தையில் அமர்ந்து, ஒரு குதிரைக்கேனும் பிடரியைப் பின்னிவிட்டு, அதன் கண்ணை உற்றுநோக்கி வரைந்திருந்தால், அக்குதிரை இறந்தபோது 'ஒன்று' குறைந்தது என்னாது 'அது' இறந்தது என்று சொல்ல ஒருவராவது இருந்திருப்பார்.

முடிவாக, வீட்டில் இருந்து வேடிக்கை விலங்குகளை வரைந்து கழியும் வாழ்வு நல்வாழ்வு ஆகுமா என்னும் வினாவுக்கு, ஆகும் என்பதே என் விடை. ஆனால் அவ்விடை நிபந்தனையுடன் கூடியது. அக்கலை தானாக எவரையும் நல்லவராக்காது. வரைந்தவருக்கும் பார்த்தவருக்கும் அது ஒரு கடனையே விட்டுச்செல்லும். அக்கடன் வறண்ட வெளியில் அலையும் குதிரைக்கு ஒரு தொட்டி தண்ணீராகவும், கிணற்றடியில் காத்துநிற்கும் அயலவருக்கு ஒரு வாளித் தண்ணீராகவும் மாறும்போதே சுவரில் மாட்டிய படத்தின் சிரிப்பு நிறைவுறும்.